பனிவேலிக்காரரின் நாலாவது பாட்டு

தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, இந்தப் பையை உங்கட காலடியில கொஞ்சம் வைக்கட்டோ? மேல வைக்க ஏலாது. உள்ளுக்குக் கூழ் இருக்குது. ஒடியல் மாக் கூழ், நண்டு போட்டது. கல்லு மாதிரி உறைய வச்சுத்தான் கொண்டுவாறன், ஆனா இந்த டிரைவர் ஹீற்றரைப் போட்டிருக்கிற விதத்தில பாதி வழியில இளகிப்போம். பிறகு மேலயிருந்து ஆற்றையும் தலையில நண்டுக்கால் விழுந்தால் நான்தான் பதில் சொல்லவேணும்.

நீங்களும் சட்பரிக்கோ? மகள் அங்க படிக்கிறாவோ. நல்லது. நான் ஒரு அலுவலாப் போறன். ஒரு ஆளை நேரில கண்டு ஒரே ஒரு வசனம் சொல்லவேணும். சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திடுவன். போனில சொல்லலாம்தான், ஆனா சில ஆக்களுக்குப் போனில சொன்னால் ஏறாது, முகத்துக்கு நேர சொல்லவேணும். "றேடியோவில அந்தப் பாட்டைக் கேட்டது நானில்லை." இதுதான் அந்த வசனம்.

இந்த ஒரு வசனத்துக்கு இவ்வளவு தூரம் பஸ்ஸோ எண்டு எங்கட மனுசனும் கேட்டவர்தான். அந்த மனுசனுக்குப் பாட்டுக்கும் கிரைண்டர் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அவரோட என்னத்தைக் கதைக்கிறது.

கூழ் என்னத்துக்கோ? ஒரு வீட்டுக்குப் போகேக்க வெறுங்கையோட போறதே? சண்டை எண்டாலும் முறை எண்டு ஒண்டு இருக்குதெல்லோ. கூழும், கொஞ்சம் பனங்காய்ப் பணியாரமும், அவனுக்குப் பிடிக்கும் எண்டு ஒரு போத்தில் மோர்மிளகாயும். வேற ஒண்டுமில்லை.

ஆரெண்டோ? என்ர தம்பி. உதயகுமார். நாங்கள் உதயன் எண்டு கூப்பிடுறது. கூப்பிட்டது. கனகாலமாக் கூப்பிடேல்லை.

காதில கொழுவி வச்சிருந்தீங்கள், நான் வந்து குழப்பிப்போட்டன். பாட்டோ கேட்டனீங்கள்? எங்கட பாட்டோ? கேளுங்கோ, நல்லதுதான். ஸ்னோ ஃபென்ஸ் எண்டு ஒரு பாண்ட் தெரியுமோ உங்களுக்கு? தெரியாது. கனடாவுக்கு வந்து எவ்வளவு காலம்? ஒரு வருசமோ! ஒரு வருசமா ஒருத்தரும் சொல்லேல்லையோ? இதுதான் எங்கட சனம். புதுசா வந்த ஆக்களுக்கு எந்தக் கடையில முருங்கைக்காய் மலிவு, எந்த டொக்டர் லீவுக்குத் துண்டு எழுதித் தருவார், எல்லாம் சொல்லும். சொல்லவேண்டியதைச் சொல்லாது. கனடாக்காரன் ஆரையும் நித்திரையால எழுப்பி ஸ்னோ ஃபென்ஸ் எண்டு சொல்லிப் பாருங்கோ, கண்ணைத் திறக்க முதல் பாடுவான்.

அந்தா, வெளியில பாருங்கோ. வயலோரமா மரச்சட்டத்தில வேலி அடைச்சிருக்கினம், சிவப்பா, பாதி பனிக்குள்ள தாண்டுபோய். அதுதான் ஸ்னோ ஃபென்ஸ். பனி அடிச்சுக்கொண்டு வந்து றோட்டை மூடாமல் மறிக்கிறதுக்கு. எங்கட மங்கை மச்சாளுக்கு இதை நான் சொல்லிக் குடுத்தபோது அவ பாத்துப்போட்டு, "இங்கையும் வேலிப் பிரச்சினையோ" எண்டா. பனிவேலிக்காரர் எண்டு அவ வச்ச பேர்தான் எங்கட வீட்டில.

மச்சாளைப் பற்றிப் பிறகு சொல்லுறன். அவதானே எல்லாத்துக்கும் காரணம். வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விட்ட கதை எண்டு சொல்லுறவை, அதை நான் காருக்குள்ள விட்டனான்.

நானும் உதயனும் வந்த புதுசில ஸ்காபரோவில ஒரு பிளாஸ்ரிக் ஃபக்டரியில நிண்டனாங்கள். வாளி மூடி. விடிஞ்சால் வாளி மூடி, பொழுதுபட்டால் வாளி மூடி. லொரெய்ன் எண்டு ஒரு வெள்ளைக்காரி எங்கட லைனில நிண்டவ, இந்தச் சட்பரிப் பக்கத்து ஆள்தான். நாங்கள் பஸ்ஸுக்கு நிண்டு நடுங்கிறதைப் பாத்துப்போட்டுத் தன்ர காரில ஏத்திக்கொண்டு போவா. அந்தக் காரில ஒரே ஒரு கசற். அது மெசினுக்குள்ள இறுகிப்போச்சு, கத்தி விட்டுக் கிண்டினாலும் வெளிய வராது. போகேக்கையும் அதுதான், வரேக்கையும் அதுதான். ஸ்னோ ஃபென்ஸின்ர முதலாவது அல்பம்.

முன் சீட்டில இருந்தது நான். இதை ஏன் சொல்லுறனெண்டால், தான்தான் முதல் கேட்டது எண்டு உதயன் ஆக்களுக்குச் சொல்லித் திரிஞ்சவன். பின் சீட்டில இருந்தவனுக்கு எப்பிடி முதல் கேக்கும்? ஸ்பீக்கர் முன்னுக்கு.

எனக்கு இங்கிலீஷ் படிப்பிச்சது அந்தக் கசற்தான், தங்கச்சி. அரசாங்கம் வச்ச வகுப்புக்கும் போனனான், அங்க "உங்கள் பெயர் என்ன" வரைக்கும்தான். அதுக்கு மேல எல்லாம் அவங்களிட்டத்தான். ட்ரக் ஐஸில இறுகினால் என்ன சொல்லுறது, கரண்ட் காசு கட்டாட்டால் என்ன சொல்லி ஏசுறது, எல்லாம் வரும் எனக்கு. முதல் இன்ரவியூவில அந்த மனுசி என்னை மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, நீ இந்த வடக்குப் பக்கம் திமின்ஸில பிறந்தனியோ எண்டு கேட்டவ. நான் பருத்தித்துறை எண்டன். அது திமின்ஸுக்கு அங்காலையோ எண்டா.

அந்த பாண்டில ரெண்டு சகோதரங்கள். மூத்தவர் வெய்ன், இளையவன் கிளென். ரெண்டு பேரும் மாறிமாறிப் பாடுவினம். முதல் பகுதி இளையவன், ரெண்டாவது பகுதி மூத்தவர், கடைசியில ரெண்டு பேரும். எல்லாப் பாட்டும் அப்பிடித்தான். நாங்கள் காசு சேர்த்து ஒரு பாட்டுச் செற் வாங்கி, அப்பார்ட்மெண்ட் காப்பெட்டில படுத்துக்கொண்டு கேப்பம். இடது பக்க ஸ்பீக்கர் அவனுக்கு, வலது பக்கம் எனக்கு. முதல் பகுதி உதயன் பாடுவான், ரெண்டாவது நான். நான்தானே மூத்தது. கீழ் வீட்டுக்காரன் தும்புத்தடியால முகட்டில இடிப்பான். அதுவும் தாளத்துக்குத்தான் இருக்கும்.

ரெண்டு பேரும் கலியாணம் கட்டி வேற வேற வீடு போன பிறகும் புதுசா ஒண்டு வந்தால் அவன் என்னட்டை வருவான், இல்லாட்டி நான் போவன். எங்கட மனுசனும் அவன்ர மனுசி வதனியும் குசினிக்குள்ள இருந்து எங்களைப் பற்றிக் கதைப்பினம். கதைக்கட்டும். அஞ்சு அல்பம் அப்பிடிக் கேட்டம்.

அஞ்சோட மூத்தவர் பாண்டை விட்டிட்டுப் போட்டார். என்ன பிரச்சினை எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொல்லுறன், மூத்த பிள்ளை சும்மா கோவிக்காது. இளையவன் என்னவோ சொல்லியிருப்பான். சொல்லிப்போட்டு, பேரையும் தானே வச்சுக்கொண்டு, ஆரோ ரெண்டு பெடியளைச் சேர்த்து ஆறாவது ஒண்டு போட்டான். நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன், எனக்கு ஸ்னோ ஃபென்ஸ் அஞ்சோட சரி. மூத்தவர் இல்லாத வீடு என்ன வீடு?

உதயன் என்ன செய்தவன் தெரியுமோ? அவன்ர மகன்ர பத்தாவது பிறந்தநாள். பெரிய ஹோல் எடுத்து, பெடியன் குதிரை வண்டில் ஒண்டில வந்து இறங்கினவன், ஹோலுக்குள்ளதான். என்னை மேடைக்குக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லச் சொல்லி மைக்கைத் தந்தாங்கள். அப்ப இவன் வந்து ஒரு என்வலப்பை நீட்டுறான். பாக்கிறன், ரெண்டு டிக்கெட். இளையவன்ர கச்சேரிக்கு. "அக்கா, உனக்கும் எனக்கும்" எண்டு சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்.

நான் பெரிசா ஒண்டும் சொல்லேல்லை. மூத்தாக்களை வெளியில விட்டுப்போட்டுப் பாடுறவன்ர பாட்டை நீ போய்க் கேள், மரியாதை தெரிஞ்ச ஆக்கள் கேக்க மாட்டினம் எண்டு மட்டும்தான் சொன்னனான். கையில மைக் இருந்ததால எல்லாருக்கும் கேட்டிட்டுது, அது என்ர பிழையில்லை. அவன் சொன்னான், "அக்கா, நீ பாட்டுக் கேக்கிறேல்லை. ஆக்களைக் கீழ வச்சிருக்கத்தான் பாக்கிறாய்." அந்த நேரம் பாத்து ஹோல்காரன் புகையை விட்டிட்டான். கேக் வெட்டுறதுக்கு விடுற வெள்ளைப் புகை. புகை அடங்கேக்க உதயனைக் காணேல்லை. என்வலப் மட்டும் கேக்குக்குப் பக்கத்தில கிடந்தது.

பிறகு அவன் சட்பரியில வேலை எடுத்துக்கொண்டு போட்டான். அவன் போன் எடுக்கேல்லை. நானும் எடுக்கேல்லை. மூத்தவள் நான் எடுக்கிறதே? பத்துப் பன்னிரண்டு வருசம் அப்பிடியே போச்சுது. ஒருக்கா மட்டும் தபாலில ஒரு சீடி வந்தது. அந்த ஆறாவது. கடிதமில்லை, ஒண்டுமில்லை. நான் உடைக்கேல்லை. எறியவும் இல்லை. எறியிறதெண்டால் கண்ணாடித்தாளை வேற, பெட்டியை வேற பிரிச்சு எறியவேணும், எங்கட பக்கம் குப்பைக்காரர் கடும் கண்டிப்பு. அதால காரின்ர முன் லாச்சிக்குள்ள போட்டிட்டன். கார் மூண்டு மாத்தியாச்சு. சீடி மட்டும் லாச்சி மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

தண்ணி குடியுங்கோ, தங்கச்சி. முகம் ஒரு மாதிரி இருக்குது. பஸ் வயித்தைப் பிரட்டுதோ? இல்லையெண்டால் சரி.

மங்கை மச்சாள் எங்கட மனுசன்ர மூத்த அக்கா. போன மாரிக்கு முதல்தான் வந்தவ. கிளிநொச்சியில தனிய இருந்தவ. அவவின்ர மனுசன் கடைசிச் சண்டையில காணாமல் போனவர். ஆமி பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனாங்கள் எண்டு ரெண்டொரு பேர் சொன்னவை, அதுக்குப் பிறகு ஒரு தகவலுமில்லை. மச்சாள் இண்டைக்கும் பொட்டு வைக்கிறவ. சனம் முணுமுணுக்கும். அவ கண்ணாடியைப் பாத்து வடிவா வட்டமா வைப்பா.

காலமை அவவை இங்கிலீஷ் வகுப்பில இறக்கிப்போட்டு நான் வேலைக்குப் போவன். வழி முழுக்கச் சும்மா இருக்கிறா, சரி, இந்த மனுசிக்கு ஸ்னோ ஃபென்ஸைக் காட்டுவம் எண்டு நினைச்சன். எனக்கு ஆள் தேவை எண்டில்லை. தனியவும் நல்லாக் கேப்பன். அவவுக்கு நாடு விளங்கட்டும் எண்டுதான்.

எனக்கு ஒரு ஒழுங்கு இருக்குது. முதலாவதில தொடங்கவேணும். தாவக்கூடாது. ஒரு அல்பம் முடியாமல் அடுத்தது இல்லை. பாட்டுப் போகேக்க கதைக்கக்கூடாது. கித்தார் தனிய வாசிக்கேக்க முறுக்குக் கடிக்கக்கூடாது, இதை நான் சிரிச்சுக்கொண்டு சொல்லேல்லை. அஞ்சாவது அல்பத்தோட என்ர வகுப்பு முடிஞ்சுது.

மச்சாளுக்கு வாய் சும்மா இருந்தால்தானே.

"நகுலா, என்னத்துக்கு இந்தப் பெடியன் இப்பிடிக் குளறுறான்?"

"ட்ரக் ஐஸில இறுகிப்போச்சு மச்சாள்."

"அதுக்குப் பாட்டுப் பாடி என்ன செய்யிறது. ஆருக்கும் போன் எடுக்கலாமே."

"அந்தக் காலத்தில போன் இல்லை மச்சாள்."

"அப்ப சரி, பாடட்டும்."

இன்னொரு நாள் கேக்கிறா, "இவைக்குத் தாய் இருக்கிறாவோ?" எனக்கு அவங்கட எல்லாப் பாட்டும் வருசத்தோட தெரியும், தங்கச்சி, தாய் இருக்கிறாவோ எண்டு தெரியாது. தெரியாது எண்டன். "இருந்திருந்தால் ரெண்டையும் இப்பிடி விட்டிருக்க மாட்டா" எண்டுபோட்டு வெளியில பாத்துக்கொண்டு வாறா. மூத்தவரில பிழையில்லை மச்சாள் எண்டு நான் விளங்கப்படுத்தினன். அவ, "மூத்தவன் கோவிச்சுக்கொண்டு போனால் இளையவன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ? அவனுக்கும் பசிக்குமெல்லோ" எண்டா. அவவுக்கு இங்கிலீஷ் வராது, அதால மன்னிச்சு விட்டன்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். அவவுக்குக் காது இருக்குது. மூண்டாவது அல்பத்தில ஒரு இடத்தில மத்தளக்காரன் ஒரு அடி பிந்துவான். எனக்கும் உதயனுக்கும் மட்டும்தான் அது தெரியும் எண்டு நினைச்சிருந்தனாங்கள். மச்சாள் முதல் தரம் கேக்கேக்கையே, "அவருக்குக் கை நோ போல" எண்டா. அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாமல் போச்சு. வகுப்பால வந்த மச்சாளுக்கே திரும்பவும் சொன்னன்.

அப்பிடியிருக்க ஒரு காலமை, பயங்கரப் பனி. நான் கோப்பி வாங்க இறங்கினன். மச்சாளுக்குத் தடிமன், மூக்குத் துடைக்கப் பேப்பர் தேடி லாச்சியைத் திறந்திருக்கிறா. நான் ரெண்டு கையிலயும் கோப்பியோட வாறன், என்ர காருக்குள்ள கிளென் பாடிக்கொண்டிருக்கிறான். கண்ணாடித்தாளை வடிவா நாலா மடிச்சு மடியில வச்சுக்கொண்டு மச்சாள் கேட்டுக்கொண்டிருக்கிறா.

"இதேன் எனக்கு நீ காட்டேல்லை?"

ரெண்டு கையிலயும் கோப்பி, நிப்பாட்டக் கை இல்லை. அதாலதான் கேக்கவேண்டி வந்தது. நாலாவது பாட்டுப் போகுது. இளையவன் முதல் பகுதியைப் பாடி முடிச்சிட்டான். ரெண்டாவது பகுதி வருது. கித்தார் போகுது, மத்தளம் போகுது, எல்லாம் ஒழுங்காப் போகுது. பாடுறதுக்கு ஆள் இல்லை. ஒருத்தரும் பாடேல்லை. முழுப் பகுதியும் அப்பிடியே வெறுமனையாப் போகுது. பிறகு கடைசிப் பகுதிக்கு இளையவன் தனிய வந்து பாடுறான்.

நான் சொன்னன், சீடி பழுது.

மச்சாள் இல்லை எண்டு தலையாட்டினா. "இதில ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்குது, நகுலா. தமையனுக்குப் போல."

பிறகு கோப்பியை என்ர கையால வாங்கிக்கொண்டு சொன்னா, "இடம் விட்டு வைக்கிறது காணாமல் போன ஆளுக்கு. இருக்கிற ஆளுக்குப் போன் எடுக்கலாம்."

இங்கிலீஷ் தெரியாத மனுசியோட என்னத்தை வாதாடுறது? கோப்பி ஆறுது, குடியுங்கோ எண்டுபோட்டுக் காரை எடுத்தன். அவவின்ர வகுப்பையும் தாண்டிப் போட்டன். பனிக்குள்ள கண் தெரியேல்லை.

அதுக்குப் பிறகு நான் அந்தப் பாட்டைக் கேக்கேல்லை. ஒருக்காக் கேட்டன், ஏனெண்டால் ஒரு பொருள் பிழையெண்டு சொல்லுறதெண்டால் வடிவாக் கேட்டுப்போட்டுத்தானே சொல்லவேணும். அதுக்காக வேலையால வரேக்க கேட்டன். பிறகு போகேக்க. அந்த வெறும் பகுதியில நடுவில ஆரோ மூச்செடுக்கிற சத்தம் ஒண்டு இருக்குது, பாடப் போற ஆள் எடுக்கிற மாதிரி. கண்ணாடிகளை எல்லாம் இறுக்கி மூடினால்தான் கேக்கும். அது கிளென் எடுக்கிற மூச்சு. வாயெடுத்துப்போட்டு விட்டிருக்கிறான். இதெல்லாம் நான் பிழை பிடிக்கிறதுக்காகக் கவனிச்சது.

இனி றேடியோ. சனிக்கிழமை காலமை தமிழ் றேடியோவில பிறந்தநாள் வாழ்த்தும் விரும்பிக் கேட்ட பாட்டும் போகுமெல்லோ. அப்பா அம்மா, அப்பப்பா, லண்டன் மாமா, சுவிஸ் சித்தி எண்டு பேர்ப்பட்டியலே அரை மணித்தியாலம் போகும். நான் குசினியில இடியப்பம் பிழிஞ்சுகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். பாத்தால் மச்சாளின்ர குரல். றேடியோவிலயும் மச்சாள், சாமியறையிலயும் மச்சாள், ஒண்டு மற்றதுக்குக் கொஞ்சம் பிந்தி.

"அம்மா, உங்கட றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ" எண்டு அறிவிப்பாளர்ப் பெடியன் சொல்லுறான். "சொல்லுங்கோ, எந்தப் படத்தில பாட்டு?"

"படமில்லைத் தம்பி. பனிவேலிக்காரற்றை பாட்டு. நாலாவது."

"பனி... புதுப்படமோ அம்மா? எங்களிட்ட வரேல்லைப் போல."

"நீங்கள் கரைச்சல்படாதேங்கோ தம்பி. என்னட்டை இருக்குது, நான் போடுறன்."

சாமியறையில தேவாரம் போடுற பெட்டி ஒண்டு இருக்குது. தேவாரத்தை எடுத்து வச்சுப்போட்டு, காரில இருந்து கொண்டுவந்த சீடியைப் போட்டு, போனைப் பெட்டியோட பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஸ்காபரோ, மார்க்கம், மிசிசாகா முழுக்க ஸ்னோ ஃபென்ஸ் போகுது. எங்கட சனம் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டு கேக்குது. இளையவன் பாடி முடிச்சான். ரெண்டாவது பகுதி வந்தது. ஒரு குரலும் இல்லை.

"அம்மா? அம்மா, லைனில நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன் தம்பி. இந்த இடம் இப்பிடித்தான். ஆள் வரவேணும். அதுக்குள்ள நான் பேரைச் சொல்லுறன்." செருமிப்போட்டு, ஒழுங்கா, றேடியோக்காரர் சொல்லுற மாதிரியே சொல்லுறா. "சட்பரியில் வசிக்கும் அன்புத் தம்பி உதயகுமார், மனைவி வதனி, பிள்ளைகள் ஆகியோருக்காக, ஸ்காபரோவிலிருந்து ஆசை அக்கா நகுலேஸ்வரி விரும்பிக் கேட்கிறார்."

ஆசை அக்கா! என்ர கையில இருந்த இடியப்ப உரல் கீழ விழுந்திட்டுது. நான் ஓடிப்போய்ப் போனைப் பறிக்கத்தான் போனன். சாமியறை வாசலில நிண்டிட்டன், ஏனெண்டால் அவ இன்னும் வைக்கேல்லை. வேற குரலில சொன்னா, "எங்க இருந்தாலும், என்ர கணவர் தர்மகுலசிங்கத்துக்கும்."

அந்தப் பெடியன் பாட்டு முடியும் வரைக்கும் விட்டிட்டான். நகைக்கடை விளம்பரம் போற நேரம், அதையும் போடேல்லை.

நான் மச்சாளை ஏசினன்தான். என்ர பேரில ஏன் கேட்டனீங்கள், என்ர மானத்தை வாங்கிப்போட்டீங்களே எண்டு. அவ தேவாரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு கேக்கிறா, "நான் பொய்யோ சொன்னனான்? நீ விரும்பேல்லையோ?" நான் குசினிக்குத் திரும்பிப் போட்டன்.

உரலை எடுத்துக் கழுவேல்லை, போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"அக்கா."

உதயன்ர குரல்.

"பாட்டுக் கேட்டனான்" எண்டான். வதனி போனில அந்த றேடியோவைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறவவாம். அவனுக்கும் தடிமன் போல, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிண்டான். எனக்கும் அண்டைக்குத் தடிமன்தான். மச்சாளிட்டத் தொத்தினது. அப்பிடியே ரெண்டு பேரும் நிண்டம், போன் கொம்பனிக்காரனுக்குத்தான் லாபம்.

பிறகு சொன்னான், "ஸ்னோ ஃபென்ஸ்காரர் கடைசியா ஒருக்கா ஊர் ஊராப் பாடிச் சுத்துறாங்கள் அக்கா. இதோட விடுறாங்களாம். சட்பரிக்கும் வாறாங்கள். மூத்தவரும் வருவாரோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு டிக்கெட் எடுத்து வச்சிருக்கிறன். நீ கேப்பாய் எண்டு நான் நினைச்சே பாக்கேல்லை. நீயா அந்தப் பாட்டைக் கேட்டதுதான் அக்கா எனக்கு..." எண்டுபோட்டு நிப்பாட்டிப்போட்டான்.

அந்தக் கண்டறியாத கச்சேரிக்கு நான் வரமாட்டன், அந்தப் பாட்டைக் கேட்டது நானுமில்லை எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். "எத்தினை மணிக்கு?" எண்டு வந்திட்டுது. மா ஒட்டின கையோட போன் கதைச்சால் இப்பிடித்தான் வாய் தடுமாறும்.

அதுதான் போறன். கச்சேரி இண்டைக்குப் பின்னேரம். கச்சேரிக்கு முதல் நேர்மையா உள்ளதைச் சொல்லிப்போடவேணும். நாளைக்கே திரும்பி வாறது. இந்தப் பெட்டியோ? ஏழெட்டுச் சோடி உடுப்புத்தான். குளிரெல்லோ.

சொல்லாமல் விடுங்கோ எண்டோ சொல்லுறீங்கள்? நீங்களும் மச்சாள் மாதிரித்தான் கதைக்கிறீங்கள். "அந்த வசனத்தைச் சொன்னியெண்டால் அவன் திரும்பிப் போடுவான், இனி வரமாட்டான், உனக்கு வேற தம்பியும் இல்லை" எண்டு வாசல் வரைக்கும் வந்து சொன்னவ. எனக்கும் தெரியும். அவனுக்கு ரோசம் கூட. சின்னனிலயே அப்பிடித்தான், ஒரு சொல்லுச் சொன்னால் ரெண்டு நாள் சாப்பிடான், நான் போய்க் குழைச்சுத் தீத்தவேணும். ஆனா தங்கச்சி, நான் கேக்காத பாட்டை நான் கேட்டனெண்டு அவன் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தால் அது என்ன சந்தோசம்? ஒரு மனுசர் வாய்மையா நடக்கவேணுமெல்லோ. வெய்ன் எண்டால் சொல்லியிருப்பார். வெய்ன் சொல்லித்தானே இப்ப தனிய எங்கையோ கிடக்கிறார். இல்லை, நான் சும்மா சொன்னன்.

இறங்கின உடன சொல்லிப்போடுவன். முதல் வார்த்தையே அதுதான். பிந்தினால் எனக்கு வராது. "றேடியோவில அந்தப் பாட்டைக் கேட்டது நானில்லை." பாருங்கோ, தடுக்காமல் வருது.

பஸ் திரும்புது. இதுதானோ தரிப்பிடம்? உங்கட மகள் நிக்கிறாவோ? என்ர ஆளைக் காணேல்லை. வேலையோ தெரியாது. வரமாட்டானோ தெரியாது. அந்தா கம்பத்தோட ஒருத்தர் நிக்கிறார், அது ஆரோ வயசான மனுசன்.

பொறுங்கோ.

ஐயோ, தங்கச்சி, அவன்தான். தலை முழுக்க வெள்ளை. எப்ப இப்பிடிப் போனவன்? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. காது ரெண்டும் சிவந்துபோய், இந்தக் குளிருக்குள்ள வெறுந்தலையோட நிக்கிறான், விசரன்.

அந்தக் கூழ்ப் பையை இங்க தாங்கோ. கவனம், அடியில பிடியுங்கோ. இந்தாங்கோ, இந்தச் சீடியை நீங்கள் வச்சிருங்கோ. போட்டுக் கேக்க ஒண்டுமில்லையோ? பழைய சாமான் கடையில பெட்டி விப்பாங்கள், ஒண்டு வாங்குங்கோ. முதலாவதில தொடங்கவேணும் எண்டு சொன்னனான்தான், அதை விடுங்கோ. நாலாவதைப் போடுங்கோ. ரெண்டாவது பகுதியில ஒருத்தரும் பாடமாட்டினம். பழுது எண்டு நினைச்சு நிப்பாட்டிப் போடாதேங்கோ.

விடுங்கோ, வழி விடுங்கோ, எக்ஸ்கியூஸ் மீ.

டேய் உதயன்! தொப்பி எங்கையடா?